குழாயை விட்டு வெளியேறியவை

மார்ச் 4

ஆமைக்கு,

நான் நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் ஒரு புகார். ஃபோன் கூடாது, மெசேஜ் கூடாது, தபால் மட்டும்தான் என்று நீ போட்ட சட்டத்தால் வீட்டில் பேனா தேடவே அரை மணி நேரம் ஆனது. கிடைத்ததும் உன் ஆஸ்பத்திரிப் பேனாதான். "லெட்டர்லதான் உன்னால குறுக்க பேச முடியாது" என்று ரயில் ஏறும்போது சொன்னாய். சரி, ஒப்புக்கொண்டேன். இந்த மூன்று மாதத்துக்கு மட்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் மாற்றல் தற்காலிகம். நிரந்தரமாக அங்கேயே இருக்கப்போகிறாயா, திரும்பி வருகிறாயா என்று மே மாதத்துக்குள் நீ ஆஸ்பத்திரிக்குப் படிவம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வருகிறாயா, இல்லையா? 'யோசிக்கிறேன்' என்பதெல்லாம் பதில் ஆகாது.

நான் யோசித்து முடித்துவிட்டேன். கல்யாணமான மூன்று வருடத்தில் நமக்குள் பெரிய சண்டைகள் பதினொன்று. ஞாபகத்திலிருந்து பட்டியல் போட்டேன். சராசரி நாற்பது நிமிடம். மிக நீளமானது இரண்டு மணி நேரம், பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பது. பதினொன்றும் முடிந்துவிட்டன. முடிந்துபோன பதினொரு விஷயத்துக்காக ஒருத்தி ஊரை விட்டுப் போவாளா? நீயே சொல்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக் குழாய் நன்றாக இருக்கிறது. விரிசல் விட்ட கடைசித் துண்டைக் கண்ணாடிக்காரர் போன வாரம் மாற்றி ஒட்டிவிட்டார். பதினைந்து மீட்டர் நீளம், உள்ளே ஒரு பென்சில்கூட நுழையாத அகலம். கீழ்த்தளத்து நடைபாதை முழுக்கத் திரை போட்டு இருட்டாக்கி, பச்சை விளக்கைக் குழாயின் நெடுக விட்டிருக்கிறோம். தண்ணீரில் மினுமினுப்புத் தூள் கலந்திருக்கிறது. தண்ணீர் சும்மா ஓடும்போது அது ஓடுவதே தெரியாது. ஒரு பச்சைக் கம்பி படுத்திருப்பது போல இருக்கும். பக்கத்துத் துளை வழியாக ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால், அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலங்கி, நடுவிரல் நீளத்துக்கு ஒரு மேகம் பிறக்கும். பிறந்து, மிதந்து, முப்பது விநாடியில் மறுமுனைக்குப் போய்ச் சேரும். சில மேகங்கள் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும். அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பதிலை உடனே எழுது. தபால் போக நாலு நாள், வர நாலு நாள். எட்டு நாளைக்கு மேல் பொறுக்க மாட்டேன்.

மு. கொ.
(நீ வைத்த பெயர்தானே, முந்திரிக்கொட்டை. இனி சுருக்கித்தான் எழுதுவேன். நேரம் மிச்சம்.)


மார்ச் 14

முந்திரிக்கொட்டைக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. ஆறு நாள் கழித்துத்தான் எழுதுகிறேன், வேண்டுமென்றே. கொஞ்சம் பழகிக்கொள்.

இங்கே காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. அவ்வளவு பனிமூட்டம். முதலில் தெருவிளக்கு வரும், பிறகு ஒரு மதில், பிறகு யாரோ ஒருவரின் குடை. ஒன்பது மணிக்குள் தெரு முழுவதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிடும். வேலைக்குப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அதன் மேல் நின்றால் கீழே தண்ணீர் போகும் சத்தம் மட்டும் கேட்கும். தண்ணீர் தெரியாது. உன் பச்சைக் கம்பியை அங்கே நின்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

என் வேலை அதேதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு ஏழு கேள்வி கேட்பது. பசி, தூக்கம், வலி, நடை, மூச்சு, மருந்து, மனசு. இங்கே இருக்கும் பதிவேடு நம் ஊரில் இருந்ததைவிடக் கனமானது. முதல் நாள் ஒரு அம்மா, "நீ புதுசா? குரல் சின்னதா இருக்கு. சத்தமா கேளு, நான் சத்தமா நல்லாருக்கேன்னு சொல்றேன்" என்றார்.

உன் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்று. நாற்பது நிமிடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிப்பு இல்லாத ஒன்றும் வந்தது. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

உன்னிடம் ஒரு கேள்வி. பாதி வழியில் காணாமல் போகும் மேகத்தை நீ எழுதிக்கொள்வாய், புரிகிறது. கடைசி வரை வந்து, குழாயை விட்டு வெளியே போய்விடுகிற மேகத்தை என்னவென்று எழுதுவாய்?

வருகிறேனா இல்லையா என்பதற்குப் பதில்: யோசிக்கிறேன்.

ஆமை


மார்ச் 19

ஆமைக்கு,

யோசிக்கிறேன் என்று எழுதக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தேன்.

உன் கேள்வி சுலபம். மேகம் பிறந்த நேரத்தைக் கேமரா குறித்துக்கொள்ளும். மறைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே உள்ளது அதன் ஆயுள். மறுமுனை வரை வந்தால் ஆயுள் முப்பது விநாடி. எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவேன். கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரலை ஒரே மத்தியானத்தில் நானே எழுதினேன். ஆய்வுக்கூடத் தலைவர், "இவ்வளவு சீக்கிரமா?" என்று கேட்டார்.

நீ கேட்காததையும் சொல்கிறேன். ஏனென்றால் இதைச் சொல்ல இங்கே யாரும் இல்லை. இருக்கிறவர்களுக்கெல்லாம் ஏற்கனவே தெரியும்.

இந்த மேகத்துக்கு வயது கிடையாது. பத்து விநாடி வாழ்ந்த மேகமும் இப்போதுதான் பிறந்த மேகமும் அடுத்த விநாடியில் சாவதற்கு ஒரே அளவு வாய்ப்புதான். களைப்பதில்லை, முதுமை இல்லை, தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்கிற நினைவு துளிகூட இல்லை. திடீரென்று, காரணமே இல்லாமல், பச்சை வெளிச்சத்தில் கரைந்துபோகும். அல்லது, சாவதற்குள் முன்பக்கமாக ஒரு துளிக் கலக்கத்தை உமிழும். அது சற்று விலகிப் போய் இன்னொரு மேகமாகிவிடும். விலகிப் போக வேண்டும் என்பது முக்கியம். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் முன்னால் போவது பட்டினியில் செத்துவிடும். அதற்கு வேண்டிய நல்ல நீரோட்டத்தைப் பின்னால் வருவது கலக்கிவிடும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட சாவது அரிதாகும், இரண்டாகப் பிரிவது அதிகமாகும். ஓர் இடத்தில் பிறப்பு இறப்பை முந்திவிடும். அதற்கு மேலே குழாய் தானாக அமைதிக்குத் திரும்பாது. காய்ச்சல் ஊரில் பரவுகிற கணக்கும் இதுவே: ஒரு நோயாளி குணமாவதற்குள் சராசரியாக ஒருவருக்கு மேல் ஒட்டவைத்தால் போச்சு. தனி மேகம் ஒன்று என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாலாயிரம் மேகம் என்ன செய்யும் என்று என்னால் சொல்ல முடியும். என் பிழைப்பே அதுதான்.

வேகம், குழாயின் அகலம், நீரின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிச் சொல்வோம். அந்த எல்லை எண் இரண்டாயிரத்து நாற்பதுக்குப் பக்கம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாயிரத்து நூற்று முப்பது வருகிறது. அவர்கள் எல்லாரும் தப்பு. ஏப்ரல் கடைசியில் கட்டுரை போகிறது.

ஒன்று மட்டும் கேட்டால் விசித்திரமாக இருக்கும். எவ்வளவு வேகமாக ஓடினாலும், தொடாமல் விட்டால் இந்தத் தண்ணீர் கலங்கவே கலங்காது. யாராவது ஒருவர் ஊசியால் குத்த வேண்டும். நேற்று மத்தியானம் யாரும் இல்லாதபோது குத்தாமல் ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. தூங்கிவிட்டேனா என்றுகூடச் சந்தேகம்.

பதினொன்றைப் பற்றி என்ன எழுதாமல் விட்டாய்? எழுது. பாதியில் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது.

மு. கொ.


ஏப்ரல் 1

உங்களுக்கு,

ஆமாம், நீங்கள் என்றுதான் எழுதுகிறேன். என் கோபத்தின் அளவு உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன், மரியாதை நமக்குச் சரிப்பட்டு வராது.

பாதியில் நிறுத்துவது உனக்குப் பிடிக்காதா? உனக்கா?

முதலில் மேகம். இந்த வேலையில் சேர்ந்த அன்று, பழைய பதிவாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "ஃபோன எடுக்கலன்னா, ஃபோன எடுக்கல. அவ்ளோதான் உனக்குத் தெரியும். செத்துட்டார்னும் எழுதாத, குணமாயிட்டார்னும் எழுதாத. கடைசியா என்னிக்குப் பேசினாரோ அந்தத் தேதிய எழுது. அன்னி வரைக்கும் இருந்தார்." அப்படிப்பட்டவர்கள் இருந்த நாளையெல்லாம் கணக்கில் சேர்ப்போம். ஆனால் இறந்தவர்கள் வரிசையில் அவர்களைச் சேர்க்கமாட்டோம். எல்லாரும் இருந்த மொத்தக் காலத்தை, இறந்ததாக நிச்சயமாகத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுப்போம். இல்லையென்றால் சராசரி ஆயுள் அநியாயத்துக்குக் குறைந்து வரும்.

உன் குழாய் பதினைந்து மீட்டரில் முடிகிறது. மேகம் அங்கே முடிந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? வெளியே போனது, நீ பார்ப்பதை நிறுத்தினாய். அதைச் சாவு என்று எழுதியிருக்கிறாய். முப்பது விநாடி.

இப்போது பதினொன்று.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், கடைசியாக நடந்ததை. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலையிலிருந்து வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னிக்கு அந்த லிஃப்ட்காரருக்கு ஃபோன் பண்ணேன்..." என்று ஆரம்பித்தேன். நீ அடுப்பைப் பார்த்தபடியே, "எடுக்கலையா? தொடர்பில் இல்லைன்னு எழுதிட்டு வா, சாப்பாடு ஆறுது" என்றாய். நான், "இல்ல, கேளு" என்றேன். "எடுக்கலன்னா என்ன பண்ண முடியும், எல்லாத்துக்கும் மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத" என்றாய். நான் கத்தினேன். நீ கத்தினாய். நான் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

உன் பட்டியலில் அது எத்தனை நிமிடம்? நான் கதவைச் சாத்தியது வரைக்கும்தானே? உள்ளே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ பார்க்கவில்லை. மறுநாள் காலை நான் சாதாரணமாகப் பேசியதும், முடிந்தது என்று எழுதிக்கொண்டாய்.

நமக்குள் பதினொரு சண்டை நடக்கவில்லை. ஒரே ஒரு சண்டைதான் நடந்தது. ஒவ்வொரு முறையும் அது அறையை விட்டு வெளியேறியது, அவ்வளவே.

அன்று நான் சொல்ல வந்தது என்ன என்று இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நீ இன்னும் கேட்கவில்லை.

ஆமை


ஏப்ரல் 5

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வாசலில் நின்றே எழுதுகிறேன்.

குழாய் ஆஸ்பத்திரி அல்ல. உன் நோயாளிகளுக்கு வயது உண்டு, என் மேகத்துக்கு இல்லை. கணக்கே வேறு. தெரியாத விஷயத்தில் தலையிடாதே. நான் மூன்று வருடமாகச் செய்கிற வேலையை நீ பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துத் திருத்திவிடுவாயா?

அப்புறம், நான் குறுக்கே பேசியதாகச் சொல்கிறாய். குறுக்கே பேசவில்லை. முடித்துக்கொடுத்தேன். உனக்குச் சிரமம் வேண்டாமே என்று.

வருகிறாயா, இல்லையா?

மு. கொ.


ஏப்ரல் 20

ஆமைக்கு,

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன், நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்க. இரண்டு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். பத்து நிமிடம்தான் ஆனது.

நீ சொன்னதுதான் சரி. வயது இல்லை என்பதால் உன் வழி இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் சொன்ன சமாதானம் எனக்கே எதிராகத் திரும்பியது. நாலாயிரம் மேகங்களில் இரண்டாயிரத்து முந்நூறு குழாயை விட்டு உயிரோடு வெளியேறியவை. அத்தனையையும் நான் கொன்றிருக்கிறேன், அந்த ஒரே மத்தியானத்தில் எழுதிய நிரலால். திருத்திப் போட்டால் என் எண் இறங்கி இறங்கி இரண்டாயிரத்து ஐம்பதில் வந்து நிற்கிறது. மற்றவர்கள் சொல்கிற இடத்துக்குப் பக்கம். அவர்கள் எல்லாரும் சரி.

தலைவரிடம் போனேன்.

"சார், ஒரு தப்பு நடந்திருக்கு."

"எவ்ளோ பெருசு?"

"முழுசும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாத் தாளையும் பார்த்தார். "யாரு கண்டுபிடிச்சா?"

"வீட்ல."

"அவங்க எந்த ஆய்வுக்கூடத்துல இருக்காங்க?"

"ஆஸ்பத்திரில ஃபோன் பண்ற வேலை சார்."

"அவங்கள இங்க வரச்சொல்லு. நீ போய் ஃபோன் பண்ணு" என்றார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர், "அய்யய்யோ, இவன் ஃபோன் பண்ணா நோயாளி வாயத் தொறக்கறதுக்குள்ள குணமாயிட்டார்னு எழுதிடுவான் சார்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கட்டுரை இந்த வருடம் போகாது. எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை, அதுதான் ஆச்சரியம்.

குழாயின் வாயைப் பற்றி உனக்கு எழுதவில்லை. அங்கே தண்ணீர் வில்லாக வளைந்து தொட்டியில் விழும். அமைதியாக ஓடும்போது அந்த வில் அசையவே அசையாது, கண்ணாடியால் செய்து வைத்த மாதிரி இருக்கும். மேகம் வெளியேறும் நேரத்தில் மட்டும் ஒரு முறை தலை குனிந்து நிமிரும். மூன்று வருடம் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் இருக்கிறது. இந்த வாரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தலை குனிந்து போகின்றன. எங்கே போகின்றன என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள்தான் போகின்றன, தெரியும். இருந்தாலும்.

பிறகு வீட்டுக்கு வந்து, நம் பட்டியலை எடுத்து, பதினொன்றுக்கும் எதிரே எப்படி முடிந்தது என்று எழுதினேன். ஒன்பதுக்கு: நீ எழுந்து போனாய். இரண்டுக்கு: நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கண் முன்னால் முடிந்தது ஒன்றுகூட இல்லை. அதாவது, வகுக்க வேண்டிய எண் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. நாற்பது நிமிடம் என்று எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை.

முடித்துக்கொடுத்தேன் என்று எழுதினேனே, அதைத் திரும்பப் படித்தால் காது சூடாகிறது. அந்த வரியை அடித்துவிடு.

ஜனவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை நீ என்ன சொல்ல வந்தாய்?

வேறு எதையும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

மு. கொ.


மே 6

அன்புள்ள உனக்கு,

வெகு நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

லிஃப்ட்காரர் என்று நான் சொல்கிறவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மூன்று வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவரைக் கூப்பிட்டிருக்கிறேன். முகம் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் கூப்பிட்டால் எந்த மாடியில் இருக்கிறார் என்பதைத்தான் முதலில் சொல்வார். "நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தொங்கிட்டு இருக்கேன்மா, சீக்கிரம் கேளு." பின்னால் கம்பிச் சத்தம் கேட்கும், யாரோ ஒருவர் கீழிருந்து கத்துவது கேட்கும். வீட்டில் இருக்கும்போது கூப்பிட்டுப் பசி எப்படி என்றால், "என் பசிக்கு என்ன குறைச்சல், வீட்டுக்காரி கைதான் சோறு போட மாட்டேங்குது" என்பார். பக்கத்திலேயே மனைவி, "யாருகிட்ட என்னைப் பத்திப் பேசறீங்க?" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபோனை எடுத்தது அந்த மனைவி. நான் யார் என்று சொல்வதற்குள், "ஏழு கேள்விப் பொண்ணுதானே?" என்றார். "அவரு போய்ப் பதினோரு நாள் ஆச்சும்மா. இந்த வாரம் நீ கூப்பிடுவேன்னு சொல்லிட்டுப் போனாரு. பதில் எழுதி வெச்சிருக்காரு, படிக்கட்டுமா?"

படித்தார். பசி, குறைவு. தூக்கம், நிறைய. வலி, சொல்லும்படி இல்லை. நடை, ஜன்னல் வரைக்கும். மூச்சு, லிஃப்ட் மாதிரி, நடுவில் நடுவில் நிற்கிறது. மருந்து, போதும். மனசு என்கிற இடத்தில் ஒன்றும் எழுதவில்லையாம். "இந்த இடம் காலியா இருக்கும்மா. நீ என்னன்னு போட்டுப்பே?" என்று கேட்டார். நான் காலியாகவே விட்டேன்.

அந்த மாதம் நான் கூப்பிட்டவர்களில் எத்தனையோ பேர் எடுக்கவில்லை. எல்லாருக்கும் 'கடைசியாகப் பேசிய தேதி' எழுதினேன். முழுக்கத் தெரிந்தது இவர் ஒருவர் கதைதான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, படி ஏறி, உன்னிடம் கொண்டுவந்தேன். நீ, எடுக்கலையா என்றாய்.

உள்ளறையில் என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்த ஏழு பதிலையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சுவருக்குச் சொன்னேன். சுவர் கடைசி வரைக்கும் கேட்டது. அப்போதுதான் மாற்றலுக்கு எழுதிப்போடலாம் என்று தோன்றியது.

அந்த மனைவியை இன்னும் கூப்பிடுகிறேன். பதிவேட்டுக்காக இல்லை.

போன வாரம் ஒரு கனவு. உன் குழாய் இந்த ஊருக்குள் வந்துவிட்டது. பாலத்துக்கு அடியில், தெருவழியாக, என் ஜன்னல் ஓரமாக, முடிவே இல்லாமல் போகிறது. பனிமூட்டத்துக்குள் பச்சையாக மினுங்குகிறது. நான் பக்கத்திலேயே நடந்து போகிறேன், ஒரு மேகத்தின் வேகத்துக்கு. அவசரமே இல்லை. நீயும் மறுபக்கத்தில் நடந்து வருகிறாய் என்று தெரியும், ஆனால் பேச்சுக் குரல் கேட்கவில்லை. விழித்தபோது சந்தோஷமாக இருந்தது.

இப்போது நீ கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில். நிரந்தரம் என்று எழுதி நேற்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உன் மேல் கோபத்தில் இல்லை. இங்கே வேலை பிடித்திருக்கிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த இரண்டு மாதத்தில் உன்னிடம் பேசிய அளவு மூன்று வருடத்தில் நான் பேசியதில்லை. திரும்ப அதே சமையலறைக்கு வந்து நின்றால் அது போய்விடுமோ என்று பயம். ஒட்டிக்கொண்டு போனால் ஒன்று பட்டினியில் செத்துவிடும் என்று நீதானே எழுதினாய்.

கல்யாணத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன். ஜூன் முதல் வாரம் எனக்கு வேலை குறைவு. வர முடிந்தால் வா. பீரோவிலிருந்து ஆரம்பித்து மீதிப் பத்து இருக்கிறது. எதற்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்து கேட்டால் போதும்.

வர முடியாது என்றால் அதையும் எழுது. நான் புரிந்துகொள்வேன்.

ஆமை


மே 13

ஆமைக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதில் நான்கு ஆலோசனையும் ஒரு கால அட்டவணையும் இருந்தன.

உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. சரியான முடிவு என்று நினைக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன், ஒன்றை ஒன்று அடிக்கவில்லை. வீட்டில் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்ன சுவர்தான் சரியான சுவர். கதவு முழுசாகத் திறக்க வேண்டும் என்பதைத்தான் அன்று நீ சொல்ல வந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, நீயே சொல். நான் ஊகிக்கவில்லை.

லிஃப்ட்காரரைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவர் எழுதாமல் விட்ட இடத்தை நீ காலியாகவே விட்டது எனக்குப் பிடித்திருந்தது. நானாக இருந்தால் ஏதாவது போட்டு நிரப்பியிருப்பேன்.

வருகிறேன். ஜூன் இரண்டாம் தேதி காலை பத்தேகால் ரயில். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், பாலத்தைக் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். பனிமூட்டமாக இருந்தால் கொஞ்சம் தாமதமாகும். பரவாயில்லை.

இன்று மத்தியானம் தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், லீவு வேணும். என் வீட்ல..."

"உடம்பு சரியில்லையா? அதுக்கென்ன, ரெண்டு நாள் எடுத்துக்கோ" என்று படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டார். நல்ல மனுஷன். எனக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான்.

நான் அங்கேயே நின்றேன். பாதி வாக்கியம் வாயில் இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. 'சரி சார்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இரண்டு நாள் லீவு கிடைத்திருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பேச்சு பாதியில் வெட்டுப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு முப்பது வயதில்தான் தெரிகிறது. உனக்கு மூன்று வருடம்.

"சார், நான் இன்னும் சொல்லி முடிக்கல."

பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லு" என்றார்.

சொன்னேன். நீ ரயில் ஏறியது, பதினொன்று, பூஜ்யம், உள்ளறை, நிரந்தரம் என்று நீ போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும். லிஃப்ட்காரர் வரும் இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. தலைவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. நானாக ஆரம்பிக்கும் வரை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கண்ணாடிக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில், "அவ்ளோதான் சார்" என்றேன்.

தலைவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுதியிருந்ததை அடித்தார்.

"ரெண்டு நாள் பத்தாதேப்பா" என்றார்.

மு. கொ.